எந்தக் கூடையிலும் அடங்காத எலி

டமார்!

சத்தம் அறிவியல் கூடத்திலிருந்து வந்தது. ஏழாம் வகுப்புக்குக் கரும்பலகையில் செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டிக் காட்டிக்கொண்டிருந்த சாமுவேல்ராஜ், சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினான்.

கதவைத் திறந்தால் மேஜை மேல் ஒரு வெள்ளாடு நின்றுகொண்டிருந்தது. பாடத்துக்கென்று வைத்திருந்த பருத்திச் செடியை மென்றபடி, 'என்ன வேணும்?' என்பது போல அவனைப் பார்த்தது. தரையெங்கும் கண்ணாடித் துண்டுகள். அறை முழுக்க ஸ்பிரிட் வாசம்.

வேறு ஆடாக இருந்தால் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருப்பான். இது ஹெட்மாஸ்டர் பாக்கியசாமி வீட்டு ஆடு. அதோடு, அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட ஆடு. திருவிழா வரைக்கும் அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, 'ச்சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது ஹெட்மாஸ்டர் உத்தரவு.

“கொஞ்சம் இறங்குதியா?” என்றான் சாமுவேல்ராஜ்.

ஆடு செடியை முடித்துவிட்டு, வந்த வழியாகவே, கம்பியில்லாத ஜன்னலில் குதித்துப் போயிற்று.

அந்தக் கூடத்தில் பதினோரு ஜாடிகள் இருந்தன. விரியன் பாம்பு, தேள், பூரான், ரெட்டைத் தலை ஓணான் என்று பத்து ஜாடிகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. பதினோராவது மட்டும் வெள்ளிக்கிழமைக்காகத் துடைத்து மேஜையில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. உடைந்தது அதுதான்.

அதில் இருந்த எலி ஜன்னல் விளிம்பில் மல்லாந்து கிடந்தது. 'அப்பாடா' என்று கையை நீட்டினான். அவன் கைக்கு முன்னால் ஒரு காக்காய் வந்துவிட்டது.

“ஏய்! ஏய்! அது தென் அமெரிக்கா எலி!” என்று கத்தினான்.

காக்காய்க்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை. வேப்பமரத்து உச்சியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டது. ஐம்பது வருஷம் ஸ்பிரிட்டில் ஊறிய எலி. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுகிற வரைக்கும் அந்தக் காக்காய் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தது.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். அவருடைய ஆடே தொலைத்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

*

அது லேசுப்பட்ட எலி இல்லை. அர்ஜென்டினாவில் ஊழியம் பார்த்துவிட்டு இந்தக் கரிசல்காட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்தது. ஒன்பது சென்டிமீட்டர் குட்டை வாலோடு மண்ணைத் தோண்டி, வளைக்குள்ளேயே பிறந்து வளையிலேயே முடிகிற எலி. ஜாடியின் கழுத்தில் ஒரு தகரச் சீட்டு தொங்கியது. அதில் முதலில் 'அகோடான்' என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே 'ஆக்ஸிமிக்டெரஸ்' என்று எழுதி அதையும் அடித்திருந்தது. மூன்றாவதாகப் பெயர் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்.

போன வாரம் வெளிநாட்டு மியூசியத்திலிருந்து கடிதம் வந்த அன்று, ஹெட்மாஸ்டர் ஆசிரியர்கள் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கினார்.

“தென் அமெரிக்காவுல வளை தோண்டுத எலி எத்தனை உண்டோ, அத்தனையையும் அவிய மூணு கூடையில பிரிச்சுட்டாவ. பேரினம்னு சொல்லுதாவள்ளா, அந்தக் கூடை. எல்லா எலியும் அடங்கிட்டு. நம்ம எலி மட்டும் எதுலயும் அடங்க மாட்டேங்கு! அம்பத்தாறுல இங்கன இருந்த சாமியார் இது பல்லைப் படம் வரைஞ்சு அனுப்பிச்சிருக்காரு. இருவத்திரண்டு வருசமா அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து உலகமே மண்டையைச் சொறியுது. நம்ம கோவில்பட்டி எலிக்காக நாலாவது கூடை முடையணுமான்னு கேக்காவ!”

அதைத் தீர்மானிக்க மதுரையிலிருந்து டாக்டர் செண்பகராஜ் வெள்ளிக்கிழமை வருகிறார். விலங்கியலில் பெரிய ஆள். அவர் பார்த்து எழுதுகிறதுதான் முடிவு.

கூட்டம் முடிந்ததும் ஹெட்மாஸ்டர், சாமுவேல்ராஜைத் தனியாக நிறுத்திக்கொண்டார்.

“கூடம் உம்ம பொறுப்பு. ஜன்னலை மட்டும் திறந்து போட்டுராதேரும். டாக்டர் வந்துட்டுப் போகட்டும். மறுநாளே உம்ம ஆர்டர்ல கையெழுத்துப் போடுதேன்.”

ஆர்டர் என்றால், இரண்டு வருஷமாகத் தற்காலிக ஆசிரியராக இருக்கிற அவனை நிரந்தரமாக்குகிற ஆர்டர். அதை நம்பித்தான் மேரிராணியின் அப்பா ஜான்பீட்டர் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார். கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு.

அந்த ஜன்னலுக்கு ஒரு குணம் உண்டு. சும்மா இழுத்தால் அசையாது. கதவை மேலே தூக்கி, கீழ் மூலையில் ஒரு குத்து விட்டு, பிறகு இழுக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்குப் பயந்து சாமுவேல்ராஜ் அதைத் திறந்தே போட்டிருந்தான்.

*

இடைசெவல் பக்கம் கம்பு அறுத்த காடுகளில் எலிவளை வெட்டுகிற சொர்ணத்தாய் இருப்பாள் என்று கேள்விப்பட்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்தான். பாதி வழியில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. ஜான்பீட்டர்.

ஜான்பீட்டர் தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி. அதைவிட முக்கியம், பங்குக் கோயிலின் மது ஒழிப்புச் சபைக்குச் செயலாளர். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. அரசாங்கம் விட்டுவிடுகிற ஆளைக்கூட அவர் விட மாட்டார்.

“என்ன மாப்ள, இந்த நேரத்துல இங்கன?” என்று சைக்கிளை நிறுத்தி இறங்கியவர், இரண்டடி பின்னால் போனார். மூக்கை உறிஞ்சினார்.

தரையைத் துடைக்கத் துணி கிடைக்காமல் சட்டையால்தான் துடைத்திருந்தான். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

“மாமா, அது வந்து... பள்ளிக்கூடத்துல...”

“பள்ளிக்கூடத்துல வச்சா?”

“இல்ல மாமா, ஸ்பிரிட்டு...”

“ஸ்பிரிட்டா! சாராயங்கூடக் கிடைக்கலையா உமக்கு?”

பக்கத்தில் போய் விளக்கலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தான்.

“வே, கிட்ட வராதேரும்! நான் இப்பந்தான் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து வாரேன். ரெண்டு பேரும் பத்திக்கிடுவோம்!” என்று ஜான்பீட்டர் சைக்கிளில் ஏறினார். “வெள்ளிக்கிழமை காலையில ஹெட்மாஸ்டரைப் பார்க்கேன். அவரு ஒரு பதில் சொல்லட்டும். இல்ல, ரெண்டாவது ஓலை கிடையாது!”

எலி செத்துப்போனதைச் சொல்லலாமென்றால், அது செத்து ஐம்பது வருஷம் ஆகிறது. காக்காய் தூக்கியதைச் சொன்னால் சேதி நேராக ஹெட்மாஸ்டர் காதுக்குப் போகும். சாமுவேல்ராஜ் இடைசெவலைப் பார்த்துச் சைக்கிளை மிதித்தான்.

சொர்ணத்தாய் வெடிப்பு விட்ட கரிசல் மண்ணில் குனிந்து, கம்பியால் வளையைக் குத்திக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்குகிற வயது. வளைக்குள் எலி சேர்த்து வைத்த கதிர்கள் ஒரு சாக்கில், எலிகள் ஒரு சட்டியில்.

“தாயி, எனக்கு ஒரு எலி வேணும்.”

“ஒண்ணென்ன, நாலு எடுத்துக்கிடுங்க சார். குழம்புக்கா, வறுவலுக்கா?”

“பள்ளிக்கூடத்துக்கு. வால் மட்டும் குட்டையா இருக்கணும். ஒம்பது சென்டிமீட்டர்.”

சொர்ணத்தாய் நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“எலிக்கு வால் அளவு கேக்கது உலகத்துலயே உங்க பள்ளிக்கூடம் ஒண்ணுதான்,” என்று சிரித்தாள். “குட்டை வால் இன்னைக்கு இல்ல. இந்தா, இதைக் கொண்டுட்டுப் போங்க. அகப்பட்டா நானே கொண்டாந்து தாரேன்.”

இரண்டு புல்லெலிகள். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. இரண்டுக்கும் வால் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறையவில்லை.

*

வியாழக்கிழமை விடியற்காலமே அவன் கூடத்துக்குள் புகுந்து ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டான்.

முதல் வில்லங்கம் நிறம். பழைய எலி ஊறி ஊறி வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. இது நேற்று வரை கம்பு தின்ற எலி, மினுமினுத்தது. பிளீச்சிங் பவுடரில் போட்டுப் பத்து நிமிஷம் கழித்து எடுத்தான். எலி ஒரு பக்கம் வெள்ளையாகவும் ஒரு பக்கம் சாம்பலாகவும் இருந்தது. அப்படி ஓர் எலி தென் அமெரிக்காவில் மட்டுமில்லை, எந்த அமெரிக்காவிலும் கிடையாது. அதைக் குப்பைக் குழியில் புதைத்துவிட்டு, இரண்டாவது எலியைத் தேயிலைச் சாயத்தில் முக்கினான். பழைய நிறம் அப்படியே வந்துவிட்டது. மிச்சச் சாயத்தை வடிகட்டிக் குடிக்கப் போனவன், கடைசி நொடியில் நினைவு வந்து நிறுத்தினான்.

அடுத்தது வால். நுனியை வெட்டினால் மொட்டையாகத் தெரியும். அதனால் நடுவில் மூன்று சென்டிமீட்டரை எடுத்துவிட்டு, நுனியைக் கொண்டுவந்து ஒட்டித் தைத்தான். கைவசம் இருந்தது வெள்ளை நூல். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. டாக்டர் தூரத்திலிருந்தே பார்க்கட்டும் என்று அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டான்.

ஜாடிக்குப் பூரானை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குக் குடிமாற்றினான். ஸ்பிரிட் விளக்குகளையெல்லாம் கவிழ்த்து ஜாடியை நிரப்பினான். தகரச் சீட்டைக் கட்டினான். பார்த்தால் அதே எலிதான். கொஞ்சம் தேயிலை வாசம் வந்தது, அவ்வளவுதான்.

நிம்மதியாக உட்கார்ந்தவன், டாக்டர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று பள்ளி நூலகத்தின் தடித்த விலங்கியல் புத்தகத்தைப் புரட்டினான். புரட்டியிருக்கக் கூடாது.

அதில் போட்டிருந்தது: நம் நாட்டு எலிகளுக்கு மேல்கடைவாய்ப் பல்லில் மூன்று வரிசை மேடுகள் இருக்கும். தென் அமெரிக்க எலிகளுக்கு இரண்டே வரிசை. இதை வைத்துத்தான் இரண்டு கூட்டத்தையும் பிரிப்பார்கள்.

நிறத்தை மாற்றலாம். வாலைக் குறைக்கலாம். பல்லை என்ன செய்வது? எலி வாயைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தான். மூன்று வரிசை. தேசபக்தியுள்ள எலி.

'ஆர்டர் போனாலும் போகட்டும். நாளைக்குக் காலையில ஹெட்மாஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லிருவோம்' என்று முடிவு செய்தான்.

*

வெள்ளிக்கிழமை காலை. ஹெட்மாஸ்டர் அறையில் ஏற்கெனவே ஜான்பீட்டர் உட்கார்ந்திருந்தார்.

“வாரும்,” என்றார் ஹெட்மாஸ்டர். முகம் சரியில்லை. “இவிய சொல்லுதது நிசமா? நீரு குடிக்கேரா?”

“சார், அதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். நடந்தது என்னன்னா...”

வெளியே ஜீப் வந்து நின்றது.

“அப்புறம் பேசுவோம்!” என்று ஹெட்மாஸ்டர் எழுந்து ஓடினார். இரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள்.

டாக்டர் செண்பகராஜ் ஒல்லியாக, தடித்த கண்ணாடியோடு இறங்கினார். சித்திரை வெயிலுக்கு எல்லாருக்கும்தான் வேர்த்தது. அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கும்பிடுகூடப் போடாமல் முதலில் கேட்டார்.

“ஜாடியை யாராவது திறந்தீங்களா?”

“ஐயையோ, யாரும் தொடலை சார்,” என்றார் ஹெட்மாஸ்டர். “சார் இந்தப் பக்கம் முதல் தடவையா?”

“ம்... வெயில் ஜாஸ்தியா இருக்கே!” என்றார் டாக்டர்.

கூடத்தில் கரண்ட் இல்லை. அடைத்த அறை அடுப்பாகக் கொதித்தது. ஹெட்மாஸ்டர் ஜன்னலை இழுத்தார், வரவில்லை. ஜான்பீட்டர் இழுத்தார், வரவில்லை. டாக்டர் கைப்பையை வைத்துவிட்டுப் போனார். கதவை மேலே தூக்கினார், கீழ் மூலையில் ஒரு குத்து விட்டார், இழுத்தார். ஜன்னல் திறந்துகொண்டது.

“டாக்டர் பட்டம் சும்மாவா குடுக்காவ!” என்று ஹெட்மாஸ்டர் ஜான்பீட்டர் காதில் வியந்தார்.

சாமுவேல்ராஜ் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. டாக்டர் இடுக்கியால் எலியை எடுத்துத் தட்டில் வைத்தார். முதலில் வாலைத்தான் பார்த்தார். பார்த்தவர் லேசாக இருமினார். பிறகு, வெள்ளை நூல் ஹெட்மாஸ்டர் பக்கம் தெரியாதபடி தட்டைத் திருப்பிக்கொண்டார். அது தற்செயல் என்று நினைத்து சாமுவேல்ராஜ் ஒரு மூச்சு விட்டான்.

எலி வாய் திறந்தது. லென்ஸ் இறங்கியது.

“ஒண்ணு...” என்றார் டாக்டர்.

அந்தோணியாரே.

“ரெண்டு...”

இதோடு நிறுத்தும் ஐயா, நிறுத்தும்!

“மூணு.”

சாமுவேல்ராஜ் மேஜைப் பக்கம் வந்தான். “சார், நான் ஒரு உண்மையைச் சொல்லணும். இந்த எலி வந்து...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்!” டாக்டர் வெடுக்கென்று சொன்னார். கைப்பையிலிருந்து மஞ்சளடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். ஐம்பத்தாறில் சாமியார் வரைந்த பல் படம். எலியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“படத்திலும் மூணு வரிசை. எலிக்கும் மூணு வரிசை. மேடு மேடா அச்சு அசல். சந்தேகமே இல்லை, இது அதே எலிதான்.”

சாமுவேல்ராஜ் எட்டிப் பார்த்தான். உண்மைதான். அர்ஜென்டினாவில் பிறந்த எலியின் பல்லும், முந்தாநாள் இடைசெவல் காட்டில் கம்பு தின்ற எலியின் பல்லும் ஒரே மாதிரி இருந்தன! ஆட்டால் தொலைந்ததை அந்தோணியார் பல்லோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார். அற்புதம்! இது அந்தோணியார் செய்த புதுமையேதான்!

“அப்போ நாலாவது கூடை உண்டுல்லா சார்?” ஹெட்மாஸ்டர் குழந்தையாகக் கேட்டார்.

“கூடையே வேண்டாம்,” என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே. “'இந்த ஒரு எலியை மட்டும் வகைப்பாட்டில் சேர்க்காமல் விட்டுவிடுவது எல்லாருக்கும் நல்லது' என்று எழுதுறேன்.”

“வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லுவாவளே சார்?”

“அனுப்பக் கூடாது! கப்பல் ஆடும்... பல் கொட்டிப்போகும். ஜாடிக்கு அரக்கு வச்சு மூடிருங்க. இனி யாரும் திறக்கவே வேண்டாம்.” பிறகு சாமுவேல்ராஜ் தோளில் கை வைத்தார். “இந்தத் தம்பி பொருளை ரொம்ப நல்லாப் பராமரிச்சிருக்கார். அதையும் எழுதிடுறேன்.”

ஜான்பீட்டருக்கு இன்னும் ஒரு முள் உறுத்தியது. “எல்லாம் சரி சார். ஆனா புதன்கிழமை இவிய மேல அடிச்ச வாடை...”

“ஸ்பிரிட் ஜாடியோட புழங்கினா வாடை அடிக்கத்தான் செய்யும் ஐயா. ஒரு தடவை இதே வாடைக்காக என் மாமனார் ஒரு மாசம் என்னோட பேசலை.”

ஜான்பீட்டர் உருகிப்போனார். “மாப்ள, மனசுல வச்சுக்கிடாதிய. ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலையை நானே முன்னால உக்காந்து கேக்கேன்.”

“நீரும் வாரும், இப்பமே ஆர்டர்ல கையெழுத்துப் போடுதேன்,” என்றார் ஹெட்மாஸ்டர்.

டாக்டரை வழியனுப்ப எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். அப்போது பார்த்து கேட்டுக்குள் சொர்ணத்தாய் நுழைந்தாள். கையில் ஒரு சட்டி. சாமுவேல்ராஜ் அவளைத் தடுக்க ஓடினான்.

அவனைவிட வேகமாக ஓடினார் டாக்டர். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஜீப்பில் ஏறி, “எடுப்பா, எடு!” என்றார். ஜீப் கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. எலி வாடை ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று ஹெட்மாஸ்டர் ஜான்பீட்டரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாமுவேல்ராஜ் சொர்ணத்தாயை வேப்பமரத்து மறைவுக்கு இழுத்துப் போனான். “குட்டை வால் இனிமே வேண்டாம் தாயி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டு,” என்றான் கிசுகிசுவென்று.

அவள் அவனைக் கவனிக்கவில்லை. புழுதிக்குள் மறைகிற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் சார், அந்தப் போறது நம்ம செண்பகராஜ் வாத்தியார்லா? அம்பத்தஞ்சுல ஒரே ஒரு வருசந்தான் இங்கன வேலை பார்த்தாரு. அப்பம் ஒருநாள், 'ஜாடியைக் கீழ போட்டுட்டேன், பூனை தூக்கிட்டுப் போயிட்டு, குட்டை வால்ல ஒரு எலி பிடிச்சுத் தா தாயி'ன்னு, உங்களை மாதிரியே வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னாரு!”